லூரா சாப்பிடாத ஐந்தாம் நாள்

மனிதன் என்றைக்கு விலங்குகளோடு பேச ஆரம்பித்தானோ அன்றைக்கே கால்நடை மருத்துவம் நாசமாகப் போய்விட்டது. அந்தப் பத்தாயிரம் வருடத்துப் பிழையைத் திருத்துவதற்கென்றே காலம் தன்னை யோக்யகர்த்தாவுக்கு அனுப்பி வைத்திருப்பதாக டாக்டர் அர்யோ காலை எட்டு மணிக்கு அறிவித்தான். அறிவித்த இடம், ஒரு சிறிய விலங்கு மருத்துவமனையின் பூனை வார்டு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் செவிலி வெனிங், மூன்று பூனைகள், பல்வலிக்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு முயல். முயல் மட்டும் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்தது.

"நோயாளிகிட்ட பேசுறது வைத்தியம் இல்ல, வெனிங் அக்கா. அளவுதான் வைத்தியம். எடை, சூடு, ரத்தத்துல சர்க்கரை. பூனைக்குக் காது இருக்கு, ஒத்துக்கறேன். அது எலிக்காக."

"சரிங்க டாக்டர்," என்றாள் வெனிங். பிறகு மூன்றாம் கூண்டின் பக்கம் லேசாகச் சாய்ந்து, "பாக் லூரா, டாக்டர் சொன்னத மனசுல வச்சுக்காதீங்க. சின்ன வயசு," என்றாள். 'பாக்' என்றால் அந்த ஊரில் 'ஐயா'.

அர்யோவுக்கு இருபத்தேழு வயது. சுரபாயாக்காரன். சுரபாயாவில் அன்பாக இருப்பவர்கள்தான் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வார்கள். மரியாதையாகப் பேசினால் ஏதோ கோபம் என்று அர்த்தம். அங்கிருந்து நான்கு மாதங்களுக்கு முன் வந்து சேர்ந்தபோது அவனிடம் ஒரு பட்டமும், நெகிழி உறை போட்ட ஒரு தாளும் இருந்தன. தாளில் ஏழு விதிகள். முதல் விதி, 'நோயாளிகளுடன் உரையாடக் கூடாது.' அதை அவன் வார்டுச் சுவரில் ஒட்டினான். மறுநாளிலிருந்து வெனிங் அந்தத் தாளைக் கடக்கும்போதும் குனிந்து போனாள்.

அவள் யாரைக் கடந்தாலும் அப்படித்தான். கூண்டுகளுக்கு முன்னால் போக வேண்டியிருந்தால் இடுப்பை வளைத்து, வலது கையைத் தரையை நோக்கித் தாழ்த்தி, "கொஞ்சம் குறுக்க போறேன், மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டே போவாள். பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் போவதுபோல. சுட்டிக்காட்ட வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலை நீட்ட மாட்டாள், கட்டைவிரலால் காட்டுவாள். கூண்டுக்கு எதிரே நிமிர்ந்து நிற்கவே மாட்டாள். பக்கவாட்டில் குந்துவாள், கண்ணைத் தாழ்த்திக்கொள்வாள், ஊசி போடும்போதுகூட, "உத்தரவு வாங்கிக்கறேன், சின்னதா ஒரு தொந்தரவு" என்பாள். பூனைக்குப் புரியாது என்பது அவளுக்கும் தெரியும். "புரியலன்னா என்ன டாக்டர், என் வாய்க்குப் புரியுதுல்ல" என்பாள்.

இதற்கு அர்யோ வைத்த பெயர் 'அரண்மனை வேலை'. மருந்து அறையில் தடுப்பூசி எடுக்கும்போதெல்லாம் அவனும் இடுப்பை ஒடித்து, கையைத் தொங்கவிட்டு, "ஃப்ரிட்ஜ் ஐயா, கதவைத் திறந்துக்க உத்தரவு" என்று நடித்துக் காட்டுவான். வெனிங் சிரிப்பாள். "முதுகு இன்னும் கொஞ்சம் வளையணும் டாக்டர். நிமிர்ந்து நிக்கற ஆளுக்கு ஃப்ரிட்ஜ் ஐயா ஐஸ் குடுக்க மாட்டார்."

மூன்றாம் கூண்டில் இருந்த லூரா ஒரு செம்பழுப்புக் கடுவன். ஊர்த்தலைவருக்கு உரிய பட்டத்தையே பெயராக வைத்திருந்தார்கள். ஏழு கிலோ இருந்தபோது அந்தப் பட்டம் பொருந்தியிருக்கும். சொந்தக்காரரின் பக்கத்து வீட்டுக்காரர் பெருநாளுக்குச் சொந்த ஊர் போகும் அவசரத்தில் சரக்கறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார், உள்ளே லூரா. ஒன்பது நாள் கழித்துத் திறந்தபோது உயிர் இருந்தது, பசி போயிருந்தது. கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் பசிக்காது. பசிக்காவிட்டால் இன்னும் அடைக்கும். ஐந்தாவது நாளாக மருத்துவமனையில் கிடக்கிறது. காதின் உட்புறம் மஞ்சள் பூசினதுபோல் இருந்தது. முன்காலில் சொட்டுநீர் ஏறிக்கொண்டிருந்தது. குமட்டலுக்கு ஊசி போட்டாகிவிட்டது. மூக்கு வழியாகப் போட்ட உணவுக் குழாயை இரண்டு தடவை பிடுங்கி எறிந்துவிட்டது.

அன்று காலை மருத்துவமனையின் தலைவி டாக்டர் எந்தாங் மூன்றாம் கூண்டின் முன்னால் வந்து நின்று, நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாலு மணி வரைக்கும் பாக்கலாம். தானா மூணு ஸ்பூன் சாப்பிட்டா பொழைச்சுக்கும். இல்லன்னா மயக்கம் குடுத்துக் கழுத்துல குழாய் வைக்கணும். இந்த இதயம் மயக்கத்தத் தாங்குமான்னு எனக்கே தெரியல. சொந்தக்காரர்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க."

சொந்தக்காரர் பாக் கஸ்மாதி, தள்ளுவண்டியில் இரவுச் சாப்பாடு விற்பவர். மனைவி போனபின் வீட்டில் அவரும் லூராவும், லூராவின் உபயத்தில் பிறந்த மூன்று குட்டிகளும்தான். மதியம் ஒரு மணிக்கு அர்யோ அவருக்குத் தொலைபேசியில் மறைக்காமல்தான் சொன்னான். ஆனால் கடைசியில் ஒரு வாக்கியம் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. "நாலு மணிக்குள்ள நான் சாப்பிட வச்சுடுவேன். என் பொறுப்பு." வேறு மாதிரி பேச அவனுக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

"பொறுப்பா?" என்றாள் வெனிங், பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள்.

"அக்கா, இவன் வீட்டுல என்ன சாப்பிடுவான்னு முதல் நாளே விசாரிச்சு எழுதி வச்சிருக்கேன். பாருங்க. உலர்தீனி, ஆமாம். டப்பா சூரைமீன், ஆமாம். வேகவச்ச கோழி, ஆமாம். சாப்பிடுறப்ப ஆள் பக்கத்துல இருக்கலாமா, ஆமாம். எல்லாம் தெரியும். வேளை மட்டும்தான் வரணும்."

வெனிங் தாளைப் பார்த்தாள். "நாலு கேள்வி. நாலு ஆமாம்."

"ஒத்துழைக்கிற மனுஷன்."

"நீங்க நின்னுக்கிட்டுப் பேனாவோட கேட்டீங்களா, உக்காந்து கேட்டீங்களா?"

"அதுக்கும் பதிலுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாசலில் ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. பிரசவம் சிக்கிய ஒரு புல்டாக். பெரிய தலைக் குட்டிகள், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். டாக்டர் எந்தாங்கும் வெனிங்கும் அறுவை அறைக்குள் போனார்கள், கதவு மூடியது. போகிற போக்கில் வெனிங், "பாக் லூராவுக்கு வாயோரம் தொடைச்சாச்சு டாக்டர். கிண்ணத்தக் காட்டி முகம் திருப்பினா உடனே எடுத்துடுங்க. எதிர்லயே வச்சா வெறுத்துடுவார்" என்று மட்டும் சொன்னாள்.

வார்டு அர்யோவின் ஆட்சிக்கு வந்தது.

ஆட்சியின் முதல் மணி நேரம் சிறப்பாக நடந்தது. ஐந்து கிண்ணங்களில் ஐந்து வகை உணவு வைத்தான். ஒவ்வொன்றையும் முப்பத்தெட்டு டிகிரிக்குச் சூடாக்கினான்; உடல் சூட்டில் இருந்தால் மணம் எழும் என்று பாடத்தில் இருக்கிறது. ஐந்தையும் கூண்டுக்குள் அரைவட்டமாக அடுக்கினான். பிறகு கூண்டுக்கு நேர் எதிரே, இரண்டடி தள்ளி, கடிகாரத்தோடு நின்று, லூராவைக் கண் இமைக்காமல் கவனித்தான்.

லூரா காதுகளைப் பின்னால் மடித்தது. கூண்டின் மூலைக்குப் போய், தன் மண்தட்டுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஐந்து கிண்ண விருந்தைவிடக் கழிப்பறை மேல் என்று ஊர்த்தலைவர் முடிவெடுத்ததை அர்யோ தாளில், 'ஆர்வம்: குறைவு' என்று பதிந்தான்.

இரண்டாம் முயற்சியாகக் கோழிக் கூழை விரலில் எடுத்து வாயோரம் தடவப் போனான். கை நேராக, மேலிருந்து, பூனையின் தலையை நோக்கி இறங்கியது. லூராவுக்குச் சீறுவதற்குக்கூடத் தெம்பில்லை. சீறியது. பிறகு வாயில் எச்சில் நுரைக்க, ஓங்கரித்தது. இத்தனை நாளாக ஒன்றும் போகாத வயிற்றிலிருந்து மஞ்சள் தண்ணீர் வந்தது.

அர்யோ கிண்ணங்களை எடுத்துவிட்டான். துடைத்தான். விரிப்பை மாற்றினான். மணி இரண்டு பத்து. சர்க்கரை அளவு இறங்கியிருந்தது. அளவுதான் வைத்தியம் என்று காலையில் சொன்னவன், நம்பாமல் மறுபடி அளந்தான்; அதே எண்.

இரண்டரைக்குப் பாக் கஸ்மாதி வந்தார். கடை போடும் சந்திக்குப் போகிற வழியில் தள்ளுவண்டியை வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். வண்டியின் கரியடுப்பில் இஞ்சித் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மெலிந்த மனிதர், ஐம்பதைத் தாண்டியவர், சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருந்தார். வார்டுக்குள் அவரால் வர முடியாது. உள்ளறையில் தொற்றுக் காய்ச்சலோடு இரண்டு பூனைக்குட்டிகள் இருந்தன. வீட்டில் குட்டி வைத்திருப்பவர்கள் கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். நின்றார். லூராவைப் பார்த்தார். லூரா அவரைப் பார்க்கவில்லை.

அர்யோ வெளியே வந்து, தாளும் பேனாவுமாக அவர் முன் நின்றான். அவனைவிட அவர் ஒரு சாண் குள்ளம்.

"பாக், இது வீட்டுல உலர்தீனி சாப்பிடும்தானே?"

"ஆமாங்க டாக்டர்."

"சூரைமீன் டப்பா?"

"ஆமாங்க டாக்டர்."

"கோழி?"

"ஆமாங்க."

அர்யோவுக்கு எங்கோ ஒரு பொறி தட்டியது. பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே கேட்டான். "கருங்கல் ஜல்லி?"

பாக் கஸ்மாதி ஒரு கணம் தயங்கினார். படித்த மனிதர் கேட்கிறார். காரணம் இல்லாமல் கேட்பாரா?

"ஆமாங்க டாக்டர். கொஞ்சமா."

அர்யோ தாளைப் பார்த்தான். ஐந்து நாளாக அவன் கையில் இருந்தது உணவுப் பட்டியல் அல்ல, ஒரு மனிதரின் நல்ல வளர்ப்புக்கான சான்றிதழ் என்று அப்போதுதான் புரிந்தது. நிமிர்ந்து நிற்கிற டாக்டரிடம் 'இல்லை' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவர் 'ஆமாம்' என்றால் 'நீங்கள் கேட்டது காதில் விழுந்தது' என்று மட்டும்தான் பொருள். பூனை பட்டினியில் சாகக் கிடந்தாலும் அவர் டாக்டரைப் பொய்யராக்க மாட்டார்.

மணி இரண்டு ஐம்பது.

எதிரே நிற்பவர் சுரபாயாக்காரராக இருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கி, 'என்னய்யா திங்கும் உன் பூனை?' என்று கேட்டிருக்கலாம். அதற்கும் 'ஆமாங்க' என்பார். அர்யோ தாளை மடித்துப் பையில் வைத்தான். பேனாவையும். வேப்பமரத்தடியில் வண்டியோடு வந்த நீளப் பலகை கிடந்தது. "பாக், உக்காருங்க," என்றான். அவர் உட்காரவில்லை, டாக்டர் நிற்கிறாரே. அர்யோ தரையில் குந்தினான். அதன்பிறகுதான் அவர் பலகையின் நுனியில் உட்கார்ந்தார், அதுவும் சங்கடத்தோடு.

"இஞ்சித் தண்ணி ஒரு குவளை கிடைக்குங்களா?"

அவர் முகம் முதல் முறையாகத் தெளிந்தது. ஊற்றிக் கொடுத்தார். அர்யோ கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தான். அவன் அன்று செய்த காரியங்களிலேயே கடினமானது அதுதான். கரி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டான். நல்ல கரி கிடைப்பதில்லை என்றார். வண்டிக்கு எத்தனை வருடம் என்று கேட்டான். பதினெட்டு என்றார். கூட்டம் எப்போது அதிகம், மாணவர்கள் கடன் சொல்வார்களா, மழைக்காலத்தில் எப்படி. சுரபாயா வாய் இந்த மாதிரி சுற்றுவழியில் போய்ப் பழக்கமில்லாமல் அங்கங்கே முட்டிக்கொண்டது. ஆனாலும் போனது.

"லூரா ஐயாவும் கடைக்கு வருவாருங்களா?" 'ஐயா' எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

பாக் கஸ்மாதி சிரித்தார். "வராம? அவர் வந்தாத்தான் கடை. வண்டிக்குக் கீழ அவருக்குன்னு ஒரு இடம். காலேஜ் பசங்க எல்லாம் 'தலைவரே, கொஞ்சம் வழி விடுங்க'ன்னு குனிஞ்சுதான் போவாங்க. வெளையாட்டுக்குத்தான்."

"சாப்பாடு அங்கேயே ஆயிடுங்களா அவருக்கு?"

"கடைசி ஆள் போனப்புறம்தாங்க. வாழையிலைல ஒரு பொட்டலம், கரியில வாட்டின அயிலை மீன் கொஞ்சம், சோறு கொஞ்சம். தரையில வச்சுட்டு, 'சாப்பிடுங்க'ன்னு சொல்லிட்டு, நான் திரும்பிக்குவேன்."

"திரும்பிக்குவீங்களா?"

"பின்ன? ஒருத்தர் சாப்பிடுறத உத்துப் பாக்கலாமுங்களா?" பிறகு, தான் எதையோ மீறிப் பேசிவிட்டதுபோலப் பதறி, "ஆனா டாக்டர் பாக்கறது வேற. அது படிப்புக்காக," என்றார்.

அர்யோ குவளையைக் கீழே வைத்தான். "உலர்தீனி சாப்பிடுறது கொஞ்சம் கஷ்டமா இருக்குங்களா அவருக்கு?"

"பழக்கம் வந்துடுங்க. வரலாம்." அவர் தரையைப் பார்த்தார். "இதுவரைக்கும் வாய்க்கல."

"அயிலைல உப்பு, மிளகா, வெங்காயம் எல்லாம்..."

"இல்லைங்க! அவருக்குத் தனியா. வெங்காயம் பூனைக்கு ஆகாதுங்களே."

'இல்லைங்க.' ஐந்து நாளில் பாக் கஸ்மாதி சொன்ன முதல் 'இல்லை'. ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக வந்தால்கூட அர்யோ அத்தனை சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

"இப்ப ஒரு பொட்டலம் இருக்குங்களா?"

இருந்தது. ஐந்து நாளாக ஒவ்வொரு நாளும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் கொண்டுவந்து, கேட்கக் கூச்சப்பட்டு, திரும்பக் கொண்டுபோயிருக்கிறார். கரியடுப்பின் ஓரத்தில் பொட்டலத்தை வைத்து இரண்டு பக்கமும் திருப்பினார். இலை வதங்கி, மீனும் புகையும் சேர்ந்த மணம் எழுந்தது. அர்யோவிடம் வெப்பமானி இருந்தது, எடுக்கவில்லை. பாக் கஸ்மாதி புறங்கையால் தொட்டுப் பார்த்து, "இப்ப சரி" என்றார்.

மணி மூன்று இருபது. அறுவை அறைக்குள்ளிருந்து குட்டி ஒன்றின் கீச்சுக் குரல் வந்தது; அவர்கள் வெளியே வர இன்னும் நேரம் ஆகும். அர்யோ கைகழுவி, வார்டுக் கதவைத் திறந்தான். கண்ணாடிக்கு வெளியே பாக் கஸ்மாதி நின்றார். அவன் இலையோடு உள்ளே நுழைவதைப் பார்த்ததும், கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். லூரா சாப்பிடுவதற்காகவா, அர்யோ செய்யப்போவதைப் பார்க்காமல் இருப்பதற்காகவா என்று சொல்ல முடியாது. நல்ல வளர்ப்பில் இரண்டும் ஒன்றுதான்.

வார்டில் இப்போது யாரும் இல்லை. சுவரில் ஏழு விதிகள் இருந்தன.

மூன்றாம் கூண்டுக்குப் பக்கவாட்டில் போய்க் குந்தினான். முழங்கால் சொடுக்கியது. கதவை மெதுவாகத் திறந்து, எட்டிப் பார்க்காமல், இலையைத் தாழ்வாக உள்ளே நகர்த்தினான். கட்டைவிரலால் அதை ஒரு அங்குலம் தள்ளிக் காட்டினான். பிறகு சொல்ல வேண்டியது இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான். சின்ன வயதில் கல்யாண வீடுகளில் பெரியவர்களிடம் அம்மா விலாவில் கிள்ளிச் சொல்ல வைத்த, ஜாவா மொழியின் உயர்மரியாதை வார்த்தைகள். அதற்கப்புறம் அவற்றை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வார்த்தைகளை வேகமாகச் சொல்ல முடியாது, உரக்கவும் முடியாது. அப்படி முயன்றால் வாயிலேயே உடைந்துவிடும். குரல் தானாகத் தணிந்தது. குரலோடு தோளும் இறங்கியது.

"பாக் லூரா," என்றான், தரையைப் பார்த்து. "எளிய சாப்பாடுதான். மன்னிக்கணும். கொஞ்சம் அமுது பண்ணுங்க."

சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

ஒன்றும் நடக்கவில்லை. சொட்டுநீர்க் கருவி 'டிக்' என்றது. எதிர்க் கூண்டில் முயல் பல்லை நறநறத்தது. அர்யோவின் கால் மரத்துப்போயிற்று. திரும்பிப் பார்க்க வேண்டும்போல் கழுத்து துடித்தது. ஐந்து வருடப் படிப்பு முழுவதும் அந்தக் கழுத்தில்தான் இருந்தது. திரும்பவில்லை.

விரிப்பு சரசரத்தது. மண்தட்டிலிருந்து ஏதோ இறங்கியது. வெகுநேரம் மோப்பம். பிறகு சத்தமே இல்லை. பிறகு, ஈரமான உப்புத்தாளைச் சுவரில் தேய்ப்பதுபோல ஒரு சின்ன ஒலி. நின்றது. மறுபடி வந்தது. வாழையிலை கூண்டுத் தரையில் நகர்ந்தது. நக்குகிற நாக்குக்குக் கீழே மட்டும்தான் இலை அப்படி நகரும்.

அர்யோ காதாலேயே எண்ணினான். ஒரு ஸ்பூன் இருக்கும். இரண்டு. மூன்றாவதற்கு முள் எடுத்த அயிலைத் துண்டு ஒன்று கடிபடும் சத்தம் கேட்டது, கூடவே ஒரு மெல்லிய உறுமல், 'இது என்னுடையது' என்று யாருக்கோ அறிவிப்பதுபோல. யாரும் பங்கு கேட்கவில்லை. அர்யோ ஒத்துக்கொண்டான்.

இலை நகர்வது நின்று, கால் நக்கும் ஓசை தொடங்கியபின்தான் எழுந்தான். டாக்டர் எந்தாங்கிடம் மயக்க மருந்தை எடுக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வெளியே முதுகைக் காட்டி நிற்கும் மனிதரைக் கூப்பிட வேண்டும். அவசரம்தான். ஆனால் அறுவை அறைக்குப் போகும் கதவு வார்டின் மறுகோடியில் இருந்தது. அங்கே போக இரண்டு பூனைகளையும் ஒரு முயலையும் கடக்க வேண்டும்.

அர்யோ இடுப்பை வளைத்தான். வலது கையைத் தரையை நோக்கித் தாழ்த்தினான்.

"கொஞ்சம் குறுக்க போறேன்," என்றான் முயலிடம், கிட்டத்தட்ட மூச்சிலேயே. "மன்னிக்கணும்."